வலி எத்தனை என்று கேட்டவர்

காலை ஏழு ஐம்பது. கட்டுப் போடும் அறையின் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு பச்சைத் துண்டு. அதைக் கடித்திருந்த முகம் பிறகுதான் தெரிந்தது. கல்லாவி என்ற ஊர்க்காரர், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பிரஸ் மெஷினில் இடது கை நசுங்கியிருந்தது. காய்ந்து புண்ணோடு ஒட்டிய காஸ் துணியை இன்சார்ஜ் சிஸ்டர் ஒரே இழுப்பில் உரித்தார்.

"ஒரு நிமிஷத்து வலி. ஊற வெச்சா பத்து நிமிஷம். வெளியில கூட்டத்தைப் பாத்தியா?" என்பது அவருடைய வாதம்.

சலைன் என்ற உப்புநீரை ஊற்றி ஊறவைத்து எடுத்தால் வலி குறையும் என்று, அங்கே நர்ஸான நான் சில வாரங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரி மேலாளரிடம் சொல்லியிருந்தேன். "நம்ம ஆஸ்பத்திரியில குறையுதான்னு நிரூபிங்க. உடனே மாத்திடலாம்" என்றார் அவர்.

ஒப்பிட்டால்தான் நிரூபிக்க முடியும். அதிலிருந்து, சம்மதித்த நோயாளிகளுக்குச் சீட்டுக் குலுக்கிவந்தேன்: சிலருக்கு ஊறவைத்து, மற்றவர்களுக்கு வழக்கம்போல. ஆளை நானே பொறுக்கினால் பாவப்பட்டவர்களையெல்லாம் ஒரே பக்கம் சேர்த்துவிடுவேன்.

"ஏலச்சீட்டா நடத்தற? எனக்கும் ஒண்ணு போடு" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர்.

வலி எவ்வளவு என்பதைப் பூஜ்ஜியம் முதல் பத்துக்குள் நோயாளியே சொல்ல வேண்டும். யாருக்கு எந்த முறை என்று தெரியாத ஒருவர் கேட்க வேண்டும். தெரிந்தவர் கேட்டால் குரலே பதிலை ஒரு பக்கம் சாய்த்துவிடும். அப்படி ஓர் ஆள் வேண்டும் என்றேன். மேலாளர் முன்மேஜை கிளார்க்கைக் கொடுத்தார். ஓசூர் பக்கம் கெலமங்கலத்துக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கேட்பார். கட்டுப் போடும் அறைப் பக்கமே வரமாட்டார். எனக்கும் திருப்திதான்.

ஆனால் இரு பக்கத்திலும் வந்தவை பூஜ்ஜியமும் ஒன்றும்தான். நான் கதவைத் திறந்து பார்த்த அன்று காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்த கல்லாவிக்காரரும் கிளார்க்கிடம் "பூஜ்ஜியங்க" என்றார். அவருக்கு வழக்கமான முறை என்று சீட்டு விழுந்திருந்தது.

எதிரில் இருந்த டீக்கடையில் அவரைப் பிடித்தேன். "துண்டைக் கடிச்சிட்டு இருந்தீங்களேண்ணா. பூஜ்ஜியமா அது?"

"கேட்டவருதானுங்களே வேலைக்குப் போலாம்னு ஃபிட் சர்டிபிகேட் அடிச்சுத் தர்றவரு? வலிக்குதுன்னா இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்ருவாங்க. அதுக்குள்ள கான்ட்ராக்டரு வேற ஆள ஏத்திருவாருங்க." வலது கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "உங்களுக்குச் சொல்லணும்னா ஒம்போது. அங்க போயி சொல்லிப்புடாதீங்க சிஸ்டர்."

சொல்லமாட்டேன் என்றேன்.

மேலாளரிடம் போய், கேட்கும் ஆளை மாற்றி மறுபடியும் எடுக்க வேண்டும் என்றேன்.

"ஆள் கேட்டீங்க, குடுத்தேன். பதில் பிடிக்கலைன்னதும் ஆள மாத்தச் சொல்றீங்க. இதான் ஆராய்ச்சியா?"

"நாம அளந்தது வலியை இல்ல சார். வேலை போயிடுமோங்கற பயத்தை."

"அதுக்கு ஆதாரம்?"

என்னிடம் இருந்தது ஒரே ஓர் ஆதாரம். அதை டீக்கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை, பழையபடியே தொடரலாம் என்று அவர் இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போனில் சொன்னார்.

கல்லாவிக்காரர் அடுத்த கட்டுக்கு வந்தபோது துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.