டீ நேரத்தில் கேட்ட கதை

பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷர், பதினெட்டு வருஷமாக டிவி தொடரில் அரசு வக்கீல். தெருவிலும் அவருக்கு வக்கீல் என்றே பேர். ஜாமீன் கிடைக்குமா என்று நிஜமாகவே வந்து கேட்பவர்கள் உண்டு; அவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசிப்பார். வீட்டிலும் கறுப்புக் கோட்டு கழன்றதில்லை. "கேஸை அணைச்சியா இல்லையா, ஒரே வார்த்தையில பதில் சொல்லு," என்பார். மனைவி ஒரே பார்வையில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவாள்.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம். அன்றைக்குக் கூண்டில் நிற்கப்போகிற நடிகரை டீ நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டுக் கதையெல்லாம் விசாரிப்பார். பெரிய நடிகர் தோளில் கை போட்டுப் பேசினால் யாருக்குத்தான் மனசு இளகாது? பயம் தெளிந்து நன்றாக நடிப்பார்கள். நல்ல பழக்கம்தான், அந்த ஒரு நாள் வரைக்கும்.

அன்று திருடன் வேஷத்துக்கு வந்தவர் துண்டு துக்கடா வேஷங்களில் பிழைப்பவர். டீயை ஆற்றிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அம்மா ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த அன்று அவருக்கு ஒரு படப்பிடிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் வேஷம் கைவிட்டுப் போய்விடும். போகவில்லை. பஸ் கெட்டுப்போனதாக அக்காவிடம் சொல்லிவைத்திருந்தார்.

நாலு முறை எடுத்தும் காட்சி சரிவரவில்லை. திருடன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. டைரக்டர் எரிந்து விழுந்தார். ஐந்தாவது முறை, யாரும் எழுதாத வசனம் ஒன்று வக்கீல் வாயிலிருந்து வந்தது.

"அம்மா ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தப்போ வராம, பஸ் கெட்டுப்போச்சுன்னு அக்காகிட்ட பொய் சொன்னவன்தானே நீ?"

அந்த மனுஷர் கூண்டைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதார். செட்டே கைதட்டியது. அந்த வருஷ விருது வக்கீலுக்குத்தான். மனைவி மட்டும் டிவியைப் பார்த்துவிட்டு, "அந்த ஆளு நடிக்கலையே," என்றாள்.

ஒளிபரப்பான மறுவாரம் திருடனாக நடித்தவர் செட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. அக்கா பார்த்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் எந்தப் படப்பிடிப்பிலும் ஆளைக் காணோம். வக்கீலும் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுவாரே! தான் செய்தது பச்சைத் துரோகம் என்று அவருக்குத் தெரியும். விருதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்; டீயைத் தனியாகக் குடித்தார். அதற்கு மேல் பதினோரு வருஷமாக ஒன்றும் செய்யவில்லை.

தொடர் முடிகிறது, நிறைவு விழாவில் அந்தக் காட்சியைத்தான் போடப்போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று கெஞ்சினார். தன்னடக்கம் என்று சிரித்தார்கள். மறுநாளே விசாரித்துக்கொண்டு, அந்தத் திருடன் வேஷக்காரர் இப்போது வேலை பார்க்கும் செருப்புக் கடைக்குப் போனார். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று முடிவு.

ஆனால் அங்கே நடந்தது வேறு. அந்த மனுஷர் இவரை நாற்காலியில் உட்காரவைத்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். கடைக்கு வருகிற எல்லாருக்கும் அப்படித்தான்.

"தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. அந்த சீனைத் திரும்பவும் போடப்போறாங்க."

அவர் நிமிராமல் ஒரு புதுச் செருப்பைப் போட்டு வாரை மாட்டினார்.

"போடட்டும் சார். பார்த்துக் கோவிச்சுக்க இனி யாரும் இல்ல. அக்கா போன வருஷம் போயிட்டாங்க. கடைசிவரைக்கும் பேசல. செத்தாலும் நான் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

வக்கீலின் காலை மெல்ல இறக்கி, நடந்து பார்க்கச் சொன்னார்.

"கடிக்குதா சார்?"

நன்றாகவே கடித்தது. இல்லை என்று சொல்லிவிட்டு, அதையே போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.