பதினேழு நாள் பிள்ளையின் கால்

பிறந்த பிள்ளையின் உள்ளங்காலில் எது பட்டாலும் ஐந்து விரலும் உடனே சுருண்டுவிடும். என் தொழிலில் பெரிய கஷ்டம் அதுதான். பால் குடித்து நித்திரையாகி, கைகள் தளர்ந்து விழும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு களியைக் காலுக்குக் கொண்டுபோக வேண்டும். காலைக் களிக்குக் கொண்டுவரக் கூடாது. விரல்களும் அவற்றுக்குக் கீழே உள்ள மேடும் பதிந்தால் போதும். தீப்பெட்டி அளவில் வெட்டி, மேலே ஒரு துளை போட்டு, கேக் சுடும் சின்ன அவணில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் கழுத்தில் போடலாம்.

கடையில் பொலிமர் கிளே என்று கேட்டால் தருவார்கள். அது மண் இல்லை, மெழுகு மாதிரி இளகும் ஒரு வகைப் பிளாஸ்டிக். நாங்கள் வீட்டில் களி என்கிறோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருபது வருஷம் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பராட்டாவுக்கு மா குழைத்தேன். முழங்கால் நாள் முழுக்க நிற்க விடாது என்றானபிறகு வீட்டில் இருந்து களி குழைக்கிறேன். ஆட்களோடு கதைப்பது, ஓடர் எடுப்பது எல்லாம் என் மனைவி. எனக்கு இந்த வயதிலும் ஆட்களைக் கண்டால் கூச்சம். பிள்ளைகளிடம் அது இல்லை. அவர்கள் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். கட்டாரில் வேலை. முதல் பிள்ளை பிறந்ததற்கு லீவில் வந்தவர். பிள்ளைக்கு அன்றைக்குப் பதினாறு நாள். வியாழக்கிழமை பின்னேரம் அவர் எயார்போட்டுக்குப் போக வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

“படம் போனில கிடக்குதுதானே எண்டு எல்லாரும் சொல்லினம்,” என்றார். “படத்தைத் தடவிப் பார்க்கேலாதே அக்கா.”

“பிள்ளையைக் கொண்டு வாங்கோ. இல்லாட்டி இவர் வருவார்,” என்றாள் என் மனைவி.

“அதுதான் பிரச்சினை. மனுசியின்ர அக்கா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நிக்கிறா. பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு வீடாம். முப்பத்தொண்டு கழியாமல் வெளியாள் ஒருத்தரும் உள்ளுக்க வரேலாதாம். அவவோட பொலிஸும் கதைச்சு வெல்லேலாது.”

முப்பத்தோராம் நாள் வரும்போது அவர் கட்டாரில் இருப்பார். ஆகவே நான் களியைக் குழைத்துத் தட்டி, பொலிதீனில் சுற்றிக் கொடுத்தேன். நித்திரையானபிறகு வையுங்கோ, காலில் கொஞ்சம் சோள மா பூசுங்கோ, களியைத்தான் கொண்டுபோகவேணும் என்று நிலத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

பின்னேரம் அதை ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஐந்து விரலும் அழகாக விழுந்திருந்தன. ஆனால் விரல்களுக்குக் கீழே வெள்ளைக் களியில் கறுப்பாக ஒரு கறை. கண்ணூறு படாமல் பிள்ளையின் உள்ளங்காலில் வைத்த மைப்பொட்டு அப்படியே ஒட்டி வந்திருந்தது. எங்கள் ஆட்களின் வீட்டில் பொட்டில்லாத பிள்ளை ஏது? நான் போகும் இடங்களில் காலைக் கழுவித் துடைப்பது நானே. அதனால் கழுவச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு அந்தக் கறை ஒரு கறையாகவே தெரியவில்லை. “நல்லா இருக்குதோ அண்ணை?” என்றார். என் வாய் “ஓம்” என்று சொல்லிவிட்டது.

அவர் போனபிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு மணி நேரம் துடைத்தேன். கறுப்பு பரவிச் சாம்பல் நிறமானது. காலின் நுண்ணிய ரேகைகளும் அதோடு அழிந்தன. மனைவி வந்து பார்த்தாள்.

“பழுதாக்கிப்போட்டீங்கள். நாளைக்குப் போய் வேற எடுங்கோ.”

“நீரும் வாருமன்.”

“நான் வந்து? களியைப் பற்றிக் கேட்டா எனக்கென்ன தெரியும்? அந்த அக்கா உங்களைக் கடிக்க மாட்டா.”

புதன்கிழமை பஸ்ஸில் போனேன். அவர்களின் வீடு மூன்றாம் மாடியில். கதவைத் திறந்தது அந்த அக்காதான். ஒரு நாற்பது வயது இருக்கும்.

“நேற்று அந்த வெள்ளைச் சாமானைக் குடுத்துவிட்டது நீங்களோ? பிள்ளையின்ர காலை நான் மூண்டு தரம் கழுவினனான்.”

“பிழை என்னிலதான்,” என்று நடந்ததைச் சொன்னேன். பொட்டுப் பட்டுப் பழுதாகிவிட்டது, இன்றைக்கு எடுக்காவிட்டால் தம்பி வெறுங்கையோடுதான் போக வேண்டும் என்றேன். அவ்வளவு நீளமாக நான் வெளியாட்களோடு கதைத்ததில்லை.

“உள்ளுக்க விடேலாது அண்ணை. குறை நினைக்காதையுங்கோ.”

“நான் இதில நிக்கிறன்.”

வாசலில் நின்றே களியைக் குழைத்து, காலைப் பொட்டுப் போகக் கழுவச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தேன். தாயும் பிள்ளையும் இருந்த பக்கத்தை மறைத்துத் தொங்கிய திரைக்குப் பின்னால் அவர் போனார். பிள்ளை சிணுங்கியது. கொண்டுவந்ததில் விரல்கள் சுருண்டு ஒரே கட்டியாக இருந்தன. திரும்பக் குழைத்துக் கொடுத்தேன். இரண்டாம் தரம் தம்பியின் கைப் பெருவிரல்தான் நன்றாகப் பதிந்திருந்தது.

“என்ன தம்பி, பிள்ளையின்ர காலோ, கந்தோர்க் கடிதத்தில குத்திற சீலோ? இந்தக் குத்துக் குத்துறீர்,” என்றார் அக்கா.

“காலை இழுக்குது அக்கா.”

மூன்றாம் தரம் குழைத்தபோது களி கைச்சூட்டில் இளகத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு தரம்தான் தாங்கும். அதையும் தம்பியிடம் சொன்னேன். அவர் கையை நீட்டவில்லை.

அக்கா என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் மா குழைச்ச ஆளோ?”

“ஓம். பராட்டா.”

“அதுதானே பார்த்தன். இண்டைக்கு இனிக் கோயிலுக்குப் போவீங்களோ?”

“இல்லை.”

“குளிச்சுப்போட்டுத்தான் உங்கட வீட்டுக்குள்ள போகவேணும்.”

“ஓம்.”

“செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ. கையைக் கழுவுங்கோ, சவர்க்காரம் அங்க கிடக்கு.”

தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிள்ளை திரும்ப நித்திரையாகும்வரை கட்டிலருகில் இருந்தேன். கை தளர்ந்து விழுந்ததும் களியைக் கொண்டுபோனேன். விரல்கள் விரிந்தபடியே இருந்தன. எடுத்துவிட்டுக் காலை ஈரத்துணியால் துடைத்தேன்.

அக்கா உடனே மை எடுத்துப் பிள்ளையின் காலில் பொட்டு வைத்தார். பிறகு களியைப் பார்த்தார்.

“இதுக்குப் பொட்டு?”

“இதுக்கோ?”

“பின்ன? அங்க எத்தினை பேர் கையில எடுத்துப் பார்ப்பாங்கள். பிள்ளையின்ர காலை வெறுமனே அனுப்பேலுமோ?”

முதல்நாள் ஒரு மணி நேரம் துடைத்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. மை வைத்தால் பரவிவிடும், கறுப்புக் களியில் கடுகளவு உருட்டி வைக்கிறேன் என்றேன். எந்த இடத்தில் என்பதை ஒரு விரலால் காட்டினார். “நடுவில வேண்டாம். கொஞ்சம் ஓரமா.”

சொன்ன இடத்தில் வைத்துச் சுட்டேன். கறுப்புக் கயிறு கோத்து, வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கொண்டுபோனேன். நடையில் சூட்கேஸ் நின்றது. அக்கா முதலில் பொட்டைப் பார்த்து, “சரி” என்றார். தம்பி அதை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். கன நேரம் மெல்லிய பேச்சுக் கேட்டது. திரும்பி வந்தபோது கயிறு கழுத்தில் கிடந்தது, களி சேட்டுக்குள்ளே இருந்தது.

கீழே வான் ஹோர்ன் அடித்தது.

“தம்பி, அங்க கடையில இதைக் காட்டிச் செருப்பு வாங்கி அனுப்பிப்போடாதையும்,” என்றார் அக்கா. “சாமான் வந்து சேரேக்க கால் வளர்ந்திடும்.”

“தெரியும் அக்கா. ரெண்டு சைஸ் கூட்டி வாங்கிறன்.”

“நாலு கூட்டுங்கோ,” என்று திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி சொன்னார். அந்தப் பிள்ளையின் தாயின் குரலை நான் அப்போதுதான் தெளிவாகக் கேட்டேன்.

தம்பி சேட்டுக்கு மேலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சூட்கேஸைத் தூக்கினார். நானும் கீழேதான் போக வேண்டும் என்பதால் சின்ன பேக்கை நான் எடுத்துக்கொண்டேன்.