வாப்பாவின் நல்ல வயசு

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்துவிட்டால் எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழியில் நாங்கள் சோற்றோடு மணலையும் சேர்த்தே மென்றோம். சட்டியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பல்லில் அது நறநறக்கும். உம்மா வாசலைப் பார்த்து ஒரு முறை முறைப்பார், அதற்காகக் காற்று நின்றுவிடுமா என்ன? தோணிகள் கரையேறிக் கிடக்க, ஆண்கள் வலை பொத்தி முடித்து, வேலி கட்டி முடித்து, மனைவிமாரிடம் ஏச்சும் வாங்கி முடித்து, கடைசியில் போய்ச் சேரும் இடம் பிரான்சிஸ் அண்ணனின் தேத்தண்ணிக் கடைதான். அங்கும் ஒருவராவது ஓரிடத்தில் இருந்து நான் கண்டதில்லை. எழும்புவார்கள், கடலைப் பார்ப்பார்கள், திரும்ப வந்து இருப்பார்கள், மறுபடி எழும்புவார்கள். "காத்து உடம்புக்குள்ள பூந்துட்டு" என்பார்கள்.

அந்தக் கடைச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் கறுப்பு வெள்ளைப் படத்தில், மற்றவர் கலர்ப் படத்தில். இருவரும் உலக சாம்பியன்கள்தான், ஆனால் முதலாமவர் கையுறையைக் கழற்றிய பிறகுதான் இரண்டாமவர் பிறந்தே இருப்பார். மோதவே முடியாத அந்த இருவரையும் மோதவிடுவதற்கு எங்கள் ஊரில் "வச்சுப் பாக்கிறது" என்று பெயர். அதற்கு ஒரே சட்டம்: எவரானாலும் அவரவருடைய "நல்ல வயசு" கொடுக்கப்பட வேண்டும். கிழவனை இளந்தாரியோடு வைப்பது நியாயமில்லை. "கலர்காரன்ட வேகத்துக்கு மத்தவன் எங்க நிப்பான்?" என்று ஒருவர் கேட்க, "அடேய், அந்தக் காலத்து அடி வாங்கினா இவன் பாயில படுத்திருப்பான்" என்று இன்னொருவர் கத்த, பிளேன்ரீ ஆறிப் போகும்.

நான் சிறுமியாக இருந்த ஒரு வருடம் காற்று ஓயவேயில்லை. சுவரில் இருந்தவர்கள் அலுத்துப்போய், கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

வாப்பா இளமையில் மாவட்டக் குத்துச்சண்டைச் சாம்பியன். அவருடைய கடைசித் தம்பி நசீர் சாச்சா, பெற்றோர் மௌத்தான பிறகு வாப்பாவின் கையில் வளர்ந்தவர், பல வருடங்கள் கழித்து அதே கோப்பையை வென்று வந்தவர். ஊர் கைதட்டிவிட்டு, அண்ணனான வாப்பாவை நினைத்து, "நானா கொண்டுவந்த கோப்பைதானே" என்றது. அந்த ஒரு சொல் சாச்சாவைத் தின்றது. ஒரே தோணியில் போய், ஒரே வலையை இழுத்து, வீட்டுக்கு வந்து வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வாப்பாவின் நல்ல வயசோடு தன்னை வைத்தால் யார் விழுவது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வாப்பாவோ சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் விட மோசம்.

ஒரு பின்னேரம் கடையில் யாரோ என் மூத்த சகோதரன் ரிஸ்வான் நானாவைக் காட்டி, "வாப்பாட நல்ல வயசு இந்தா நிக்குதே!" என்றார். ரிஸ்வான் நானாவுக்கு அப்போது இருபது. அதே தோள், அதே தாடை, அச்சொட்டாக வாப்பா. ஆனால் கோழி அறுக்கும் இடத்தில்கூட நிற்காத மனிதர். அதை யார் யோசித்தார்கள்? மீன் நிறுக்கும் தராசில் சாக்குக் கட்டி சாச்சாவையும் ரிஸ்வான் நானாவையும் தொங்கவிட்டு நிறுத்தார்கள். நிறை ஏறக்குறைய ஒன்றாக வந்ததும் கூச்சல் கிளம்பியது. வலைக் கயிற்றால் மணலில் வளையம் கட்டி, அலுமாரிக்கு மேல் கிடந்த வாப்பாவின் பழைய கையுறைகளை எடுத்துவந்து ரிஸ்வான் நானாவுக்கு மாட்டினார்கள். மறுத்தால் வாப்பாவுக்கு வெட்கம் என்று நினைத்தாராம். உம்மா வேலியடியில் நின்று, "ஆம்பிளையளுக்குக் கடலும் இல்லாட்டி புத்தியும் இல்ல" என்று வாயில் வந்தபடி ஏசினார்.

சண்டை தொடங்கியது. சாச்சா எதிரில் நின்றது தன் நானாவின் மகன் என்பதையே மறந்துவிட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது வாப்பாதான், இருபது வயது வாப்பா. முதல் அடியிலேயே ரிஸ்வான் நானாவின் மூக்கு உடைந்தது. அப்போதுதான் செய்தி கேட்டு ஓடி வந்த வாப்பா, தோளில் கிடந்த துவாயை உருவி வளையத்துக்குள் எறிந்தார். துவாய் எறிந்தால் தோல்வி. தன் நல்ல வயசு முழுவதையும் அந்தத் துவாயோடு சேர்த்துத்தான் எறிந்தார் என்பது எனக்குக்கூட விளங்கியது.

ஆனால் காற்று விட்டதா? துவாயை அந்தரத்திலேயே பிடித்துக் கடை ஓலைக்கு மேலால் கொண்டுபோய்விட்டது. நடுவராக நின்ற பிரான்சிஸ் அண்ணன், "உள்ளுக்கு விழயில்லையே, விழுந்தாத்தானே கணக்கு" என்றார். அடுத்த அடிக்குச் சாச்சாவின் கை பின்னால் போனது. வாப்பா கயிற்றைத் தாண்டி மகனுக்கு முன்னால் போய் நின்றார், இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி. அடி அவர் தாடையில் இறங்கியது.

வாப்பா மணலில் குந்திவிட்டார். பழக்கதோஷத்தில் பிரான்சிஸ் அண்ணன் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்க, உம்மா விளக்குமாற்றோடு வளையத்துக்குள் பாய்ந்தார். சாச்சா வாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல அழுதார். அன்றிரவு எல்லோரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றித்தான் இருந்தோம். மெல்ல முடியாத வாப்பா கஞ்சியைக் குடித்துக்கொண்டே, இறைச்சித் துண்டைச் சாச்சாவின் பக்கம் தள்ளிவிட்டார். அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் இப்போது இருக்கும் தில்லையடியிலிருந்து போன மாதம் கண்டக்குழிக்குப் போனேன். தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி. யாருக்கும் வேலை கொடுக்காத அந்தக் காற்றைத் தேடி இப்போது உலகமே வருகிறது; வானம் முழுக்கப் பட்டங்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் ஆட்கள். சுவரும் இல்லை, சுவரில் நின்ற இருவரும் இல்லை, வாப்பாவும் இல்லை. யாரையும் யாரோடும் வச்சுப் பார்க்கிற கதையும் எங்கும் கேட்கவில்லை.

சாச்சா மட்டும் கதிரையில் இருக்கிறார், எழும்புகிறார், கடலைப் பார்க்கிறார், திரும்ப வந்து இருக்கிறார். "இன்னும் அண்டைக்கு அடிச்சத நினைச்சா கவலையா, சாச்சா?" என்று கேட்டேன்.

"அது நானா அண்டைக்கே மன்னிச்சிட்டார்" என்றார். மறுபடி எழும்பினார். "ஆனா அவர் கையத் தூக்கயில்லையே மகள். ஒரு தரம், ஒரே ஒரு தரம் தூக்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."