தலையாட்டாத பிள்ளை

எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுவார்கள். கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது தலையைச் சிலுப்பினால் சம்மதம் என்று அர்த்தம், அரிவாள் இறங்கிவிடும். சிலுப்பாதவரை யாரும் தொடமாட்டார்கள். ஏழு வயதுக்குள் நான் கற்றுக்கொண்ட உருப்படியான சட்டம் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மார்கழியில் என்னை ராயக்கோட்டை மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு நாள் இருந்துவிட்டு வா என்றாள் அம்மா. அதற்கு எதற்காக என் பாவாடை சட்டை அத்தனையையும் பையில் திணித்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு மேலே இரண்டு அக்காக்கள், கீழே இரண்டு தங்கைகள். படுக்கப் பாயில் இடம் கிடைத்ததே என்று தங்கைகளுக்கு ஒரே சந்தோஷம்.

மாமா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். அவரும் அத்தையும் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அப்படிச் சொன்னால் அத்தை, “இன்னும் வரல” என்று திருத்துவாள். கடைசிவரை அப்படித்தான் திருத்தினாள். ஆபிரகாமுக்குப் பிள்ளை தருகிறேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்து, அவனும் மனைவி சாராளும் கிழவனும் கிழவியும் ஆன பிறகு மறக்காமல் கொடுத்தாராம். அந்த வாக்கில் தனக்கும் பங்கு உண்டு என்று அத்தை உறுதியாக நம்பினாள்.

ஒரு சாயங்காலம் அந்தக் கதையை எனக்குச் சொன்னாள். ஈசாக்கு பிறந்தான், வளர்ந்தான். பிறகு அதே கடவுள் அவனைப் பலியாகக் கேட்டார். அப்பன் விறகை மகன் தோளில் ஏற்றி, கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குக் கூட்டிப்போனான். அந்த இடத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றது. மாமாவுக்குச் சோறு போட எழுந்துபோன அத்தை கடைசியில் கடவுளே தடுத்து, பிள்ளைக்குப் பதில் புதரில் சிக்கிய ஆட்டைக் காட்டிய மிச்சக் கதையைச் சொல்ல மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை மூவரும் கோட்டை மலை ஏறினோம். மேலே ஜெபம் பண்ணப்போகிறோம் என்றார் மாமா. எனக்கு உப்புமா கிளறுவதற்காக நாலு சுள்ளியைக் கட்டி என் கையிலேயே கொடுத்தார். தக்காளி நறுக்கும் கத்தி அவர் பையில் இருந்தது. ஈசாக்கும் இப்படித்தான் விறகோடு ஏறினான். முன்னால் போன மாமாவைப் பனி விழுங்கிவிட்டது. கத்தி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் அத்தையின் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. சத்தம் வரவில்லை.

உச்சியில் இடிந்த சுவரோரம் அடுப்பு மூட்டினார்கள். உப்புமா எனக்கு மட்டும், அவர்களுக்கு உபவாசம். வெட்டுகிற நாளில் கிடாவுக்கு நல்ல தழையாகப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மாமா கை கழுவினார். அந்த ஈரக் கையை என் தலையில் வைத்துக் கண்ணை மூடினார். தண்ணீர் நெற்றியில் வழிந்தது.

“கண்ணு, எங்களுக்கே மகளா இருந்துக்கிறியா?” என்றாள் அத்தை. “உங்கம்மாவும் சரின்னுட்டா. நீ லேசா தலையாட்டு, போதும்.”

அம்மாவுமா? ஈசாக்கும் மகன்தானே!

தண்ணீர் காதோரம் இறங்கிக் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை இறுக்கினேன். இரண்டு பேரும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரார் கிடாவைப் பார்க்கிற அதே பார்வை. பனிக்குள் எங்கோ புதரில் ஓர் ஆடு கத்தியது. அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் அசையவே இல்லை.

மாமா கையை எடுத்துவிட்டார். “விடு. புள்ளய கட்டாயப்படுத்தாத.”

“நான் எங்க கட்டாயப்படுத்துனேன்? சாராளுக்குத் தள்ளாத வயசுல குடுத்தாரு. எனக்கு இப்ப என்னா வயசாயிடுச்சு?” என்று அத்தை சிரித்தாள்.

தப்பித்த குஷியில் நான் படி படியாகக் குதித்து இறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாவம், இன்றைக்கு அவள் சாமிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.