பின்தண்டுக்கு வந்து சேர்வது

டிராக்டரைத் துடைக்கும்போது கன்னியம்மாள் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். பூந்தமல்லி ஷோரூமில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினோரு வருடத்தில் அது மாறியதில்லை. வாங்க வருகிறவர்கள் இஞ்சின் எத்தனை எச்.பி. என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பக்கத்தையே சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்தப் பலம் முழுவதும் பின்னால் சுழலும் தண்டுக்கு வந்து சேராது, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவது அந்தத் தண்டுதான் என்று விற்பனையாளர் ரகுநாதன் ஒவ்வொருவருக்கும் சொல்வார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் கேட்டு வைத்திருந்தாள். சேக்காட்டு வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வரும் தம்பி தேவராஜ் ஒருவன்தான் உறவு.

அம்பத்தூரில் தேவராஜ் வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். டிராக்டர் வாங்கித் திருமழிசைப் பக்கம் வாடகைக்கு உழப்போவதாகச் சொல்லிக்கொண்டு, சிநேகிதன் உதயகுமாரோடு ஷோரூமுக்கு வந்தான். நாற்பத்தைந்து எச்.பி. வண்டி பிடித்துப்போய், அதற்கு ஏழடி அகல ரோட்டவேட்டர் கேட்டான்.

“ஏழடி போட்டாத்தான் மச்சான் கெத்து,” என்றான் உதயகுமார்.

வேலை போன தம்பி இதிலும் விழுந்தால் எழமாட்டான் என்ற பயம் அவளுக்கு. துடைப்பத்தை வைத்துவிட்டுக் கிட்டே போனாள்.

“வேணாம் நைனா. இஞ்சின்தான் நாப்பத்தஞ்சு. பின்னாடி தண்டுக்கு முப்பத்தெட்டுதான் வரும். ஏழடி போட்டா சேத்துல நின்னு பூடும். ஆறடி எடுத்துக்கோ.”

“இன்னா மச்சான், உங்கக்கா இஞ்சினியரா? சொல்லவேல்ல!” உதயகுமார் சிரித்தான்.

“நீ போய்ப் பெருக்குற வேலையப் பாருக்கா,” என்றான் தேவராஜ்.

“அவங்க சொல்றது சரிதான் சார்,” என்றார் ரகுநாதன். அதைத்தான் தேவராஜால் தாங்க முடியவில்லை. முகம் கறுத்து வெளியே போய்விட்டான்.

அந்த ஞாயிறு மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்தாள். மூன்று மணிக்கு மேல் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனால், வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

“நேத்து உங்க தம்பி வந்து எடுத்துட்டுப் போயிட்டாரும்மா. ஆறடிதான்,” என்றார் ரகுநாதன். கொஞ்சம் தயங்கினார். “இன்னைக்கு நீங்க லீவுதானேன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வந்தாரு.”

முதல் சர்வீசுக்கு வண்டியைக் கொண்டுவந்தவன் உதயகுமார். சேற்றில் ஒரு தடவைகூடத் திணறவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். தேவராஜ் அக்காவிடம் பேசி ஏழு மாதம் ஆகிறது.