ஓடுகிற ஆளை நிறுத்திக் காட்டும் கார்டு

விருதுநகரில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. இரண்டுமே கம்ப்யூட்டரில் டிவி பார்க்க உதவும் டியூனர்கள். கடைக்காரர் என் மாமாவிடம், "எதுக்கு அண்ணாச்சி வேணும்? கிரிக்கெட்டுக்கா, வீட்டுல சீரியல் பாக்கவா?" என்று சிரித்தபடி கேட்டார். மாமா சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஓடுற ஆளை நிறுத்திக் காட்டுமா?" என்று கேட்டார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷின் ஓட்டினார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தெருவில் நுழையும்போதே அவர் குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். அவருக்கு ஒரே மகன். என்னைவிட இளையவன், மதினி, மதினி என்று என்னை வம்புக்கிழுப்பதே அவனுக்குப் பிழைப்பு. ஒரு தீபாவளி சீசனில், கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று அவனுக்குப் பதிலாக ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போனான். சீசனில் இது சகஜம். தலை குறையக் கூடாது, அவ்வளவுதான். அது யார் தலை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அன்று மதியம் அந்தக் கம்பெனி வெடித்தது. வேலைக்கு வந்ததாகக் கம்பெனிக்காரர்கள் சொன்னது காய்ச்சல்காரன் பெயரை. எங்கள் பையன் அங்கே போனதற்கு வேனில் கூட வந்தவர்களின் வாய்ச்சொல்தான் சாட்சி, அவர்களிலும் பேசும் நிலையில் அதிகம் பேர் இல்லை. ஆஸ்பத்திரியில் அடையாளம் சொல்ல முடியாமல் ஓர் உடல் இருந்தது. அதுதான் என்றார்கள் ஊரார். அந்த உடலோடு ஒப்பிட்டுப் பார்க்க மாமாவின் இரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பதில் என்று ஒன்று வரவே இல்லை. கடைசியில் போலீசாரே அந்த உடலை அடக்கம் செய்தார்கள். அத்தை மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கருமாதி வைத்துவிடலாம் என்றாள். மாமா சம்மதிக்கவில்லை.

காரணம் டிவி. விபத்தன்று சாயங்காலச் செய்தியில், புகைக்கு நடுவே கருவேலங்காட்டுக்குள் ஒருவன் ஓடுவதைக் காட்டினார்கள். முதுகுப்பக்கம்தான் தெரிந்தது. இடது கையால் தலையைப் பொத்திக்கொண்டு, வலது காலை லேசாக வீசி ஓடினான். எங்கள் பையனும் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து அப்படித்தான் காலை வீசுவான். கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. "எம் புள்ளை ஓடிட்டான். பயந்து எங்கனயோ போயிருக்கான். திரும்பி வருவான்" என்றார் மாமா. அந்தச் செய்தியாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். டேப் சென்னைக்குப் போய்விட்டது என்று கைவிரித்தார்.

சில மாதம் கழித்து வேறோர் இடத்தில் வெடிவிபத்து. டீக்கடை டிவியில் அந்தச் செய்தியோடு பழைய விபத்தின் காட்சிகளையும் சேர்த்துப் போட்டார்கள். கருவேலங்காட்டுக்குள் அதே ஆள் மறுபடி ஓடினான். மாமா டீயைக் கொட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். நான் அப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். "தாயி, டிவியில வர்றதை இதுல பிடிச்சு நிறுத்த முடியுமாமே? அடுத்த தடவை போடும்போது பிடிச்சிரணும்" என்றார். அடுத்த தடவை என்றால் என்ன என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்த விபத்து வருமா என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஊரில் என்பதுதான் தெரியாது.

அதற்காகத்தான் விருதுநகர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் விளக்கினார். ஒன்று வெளியே வைக்கும் பெட்டி. கம்ப்யூட்டரைப் போடவே வேண்டாம், பொத்தானை அழுத்தியதும் திரையில் டிவி வந்துவிடும். ஆனால் எதையும் பதிவு செய்யாது. இன்னொன்று கம்ப்யூட்டருக்குள்ளே பொருத்தும் கார்டு. பதிவு செய்யும், பிறகு வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் உயிர்பெற்று, அதற்கான புரோகிராம் திறந்து, படம் வருவதற்குள் செய்தி முடிந்துபோகும். கடைக்காரர் பெட்டிக்கே ஓட்டுப் போட்டார். மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பெட்டின்னா பாக்கலாம், பிடிக்க முடியாது. கார்டுன்னா பிடிக்கலாம், ஆனா அதுக்குள்ள போயிருவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைக்கு வெளியே போய் வெயிலில் நின்றார். தனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டார். திரும்பி வந்து, "கார்டையே குடுங்க. கம்ப்யூட்டரை அணைச்சாத்தானே லேட்டு? நாங்க அணைக்கவே மாட்டோம்" என்றார்.

சொன்னபடி அணைக்கவில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டமாகச் செய்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்ச இடத்தில் என் லேபிள் வேலை நடக்கும். ஒரு பக்கம் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தை, மறுபக்கம் செய்தி. ஷிப்டு முடிந்ததும் மாமா என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ரிமோட்டில் அவர் கற்றுக்கொண்டது பதிவு செய்யும் சிவப்புப் பொத்தான் ஒன்றைத்தான். தலைப்புச் செய்தி தொடங்கும்போதெல்லாம் அழுத்துவார். ஒன்றும் இல்லையென்றால் நான் அழிப்பேன். கரண்ட் போனால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. அச்சகத்தில் லீவு போட ஆரம்பித்தார். அத்தை ஒருநாளும் திரைப்பக்கம் வந்ததில்லை. வாசலில் நின்று சாப்பாட்டுத் தூக்கை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. என்னை அறியாமல் நானும் அந்தக் கட்டத்தையே பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு மதியம் அந்தச் செய்தி வந்தது. ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் விபத்து. மாமா சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து நின்றார். "போடுவான் பாரு தாயி, இப்பப் போடுவான்!" அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பல மாதமாகப் பார்க்கவில்லை. போட்டார்கள். கருவேலங்காடு, புகை, அவன். மாமா கையைத் தட்டிக்கொண்டு, "கெடைச்சிட்டான், கெடைச்சிட்டான்!" என்று கத்தினார். சத்தம் கேட்டு, மகனே வந்துவிட்டான் என்று எண்ணி, அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

பதிவை ஓட்டி, அவன் ஓடும் இடத்தில் நிறுத்தினேன். கருவேல மரம் தெளிவாக நின்றது. கீழே கிடந்த சைக்கிளின் கம்பிகள்கூடத் தெரிந்தன. ஓடியவன் மட்டும் சீப்பால் வாரியதுபோலக் கோடு கோடாகக் கிழிந்திருந்தான். அந்தக் கார்டில் அசையாதது அப்படியே நிற்கும், அசைவது கிழிந்துபோகும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. "கொஞ்சம் பெரிசாக்கு தாயி" என்றார் மாமா. பெரிதாக்கினேன், வெறும் கட்டங்களாயிற்று. முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன். எங்கே நிறுத்தினாலும் கையும் காலும் தலையும் கோடுகள்தான். "இன்னொருக்க, இன்னொருக்க" என்று அவர் கெஞ்சினார். அவசரத்தில் மவுஸ் பிடி நழுவியது. பதிவு மேலே ஓடியது.

அன்றைய விபத்தின் காட்சிகள் வந்தன. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கை நீட்டி ஏதோ கேட்டார்கள். அவள் அசையவில்லை. அத்தை திரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அன்னைக்கு நான் இப்படித்தான் உக்காந்திருந்தேன். இன்னைக்கு இவ. இம்புட்டு நாளா ரெண்டு பேரும் இதுக்கா காத்துக் கெடந்தீக?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

நான் நிறுத்தினேன். அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு கோடும் விழவில்லை. கன்னத்தில் ஒட்டியிருந்த முடிகூடத் தெரிந்தது. மாமா அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "செய்ய வேண்டியதைச் செஞ்சிருவோம்" என்றார். மகனுக்காக அத்தை வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான். கருமாதி முடிந்த பிறகு மாமா எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. சில வருடங்களில் அவரும் போய்விட்டார்.

இப்போது எந்தக் காட்சியையும் கைப்பேசியில் ஒரு விரலால் நிறுத்திவிடலாம். அத்தை என்னோடுதான் இருக்கிறாள். வெடிவிபத்துச் செய்தி இன்னும் வருகிறது. எப்போதாவது அந்தப் பழைய காட்சியையும் சேர்த்துப் போடுகிறார்கள். போன மாதமும் போட்டார்கள். அத்தை பார்க்கமாட்டாள். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "காட்டுனானா?" என்று கேட்டாள்.

"காட்டுனான் அத்தை."

"இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கானா?"

"ஆமா அத்தை. ஓடுறான்."

"சரி" என்று சொல்லிவிட்டு, கொதிக்கிற சோற்றைக் கிளறினாள்.