மகளைக் கூட்டிப்போன அப்பா

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு அந்தச் செய்தி வந்தது. இங்கிலாந்தில் மகள் படிக்கும் பள்ளி அனுப்பியிருந்தது. "உங்கள் மகள் தந்தையுடன் சற்றுமுன் புறப்பட்டாள். விடுமுறை இனிதாகட்டும்."

மகளின் தந்தை ஒஸ்லோவின் புருசெத் பகுதியில், எங்கள் வீட்டுச் சோபாவில், என் கண்ணெதிரே, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போட்டீங்களாம்."

"நானோ? நான் இஞ்சை வெங்காயத்தோட எல்லோ இருக்கிறன்."

"அப்ப அங்கை போனது ஆர்?"

கத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.

பள்ளி வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறார்கள். பாதிப் பேர் மாலையில் வீடு போய்விடுவார்கள், மற்றவர்களுக்கு விடுதி. விளையாட்டுத் திடலின் வேலிக்கு அப்பால் மாடுகள் மேயும். வீட்டுக்கு அருகிலேயே நல்ல பள்ளி இருக்க, பிள்ளையை ஏன் கடல் தாண்டி அனுப்பினீர்கள் என்று எங்கள் அடுக்குமாடிப் புளொக்கில் கேட்காதவர் இல்லை. பதினான்கு வயதில் அவளுக்குச் செலோ வாத்தியத்தில் பைத்தியம். அங்கே அதற்கு நல்ல ஆசிரியர் இருந்தார். கணவரின் அண்ணன் பக்கத்து நகரில் இருக்கிறார் என்ற தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

அன்று டாக்சி அவளை விமான நிலையத்தில் விடுவதாக ஏற்பாடு. மாலையில் ஒஸ்லோவில் நாங்கள் கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

மகளின் கைபேசி அணைந்து கிடந்தது. அண்ணனுக்கு எடுத்தோம், பதில் இல்லை. "அண்ணை, பிள்ளையை ஆரோ கொண்டு போட்டாங்கள், உடன பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கோ" என்று கணவர் குரல் செய்தி விட்டார்.

பள்ளிக்கு எடுத்தேன். விடுதி ஆசிரியை பேசினார். வந்தவர் கையெழுத்து வைத்தாராம். மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாளாம். பெயர் கேட்டேன். குடும்பப் பெயரை வாசித்தார். எங்கள் தபால் பெட்டியில் இருக்கும் அதே பெயர்.

"என் கணவர் என் பக்கத்தில் நிற்கிறார்" என்றேன்.

 அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை. "உங்கள் படிவத்தில் இரண்டு தந்தையர் இருக்கிறார்கள்" என்றார் ஆசிரியை, மிகவும் மரியாதையாக.

படிவத்தை நிரப்பியது நான்தான். உறவுமுறை என்ற கட்டத்தில் அங்கிள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்குக் கடைக்காரரும் அங்கிள், பஸ்ஸில் இடம் தருபவரும் அங்கிள். பெரியப்பாவை அப்படிச் சொல்வதா? ஆங்கிலத்தில் 'மூத்த தகப்பன்' என்று எழுதினேன். தட்டச்சு செய்தவர் 'மூத்த' என்பதை விட்டுவிட்டார் போலும். அண்ணன் தம்பி இருவருக்கும் குடும்பப் பெயர் அவர்கள் அப்பாவின் பெயர்தான்.

அப்படியென்றால் அண்ணன்தானா? இருக்கலாம் என்று பட்டது. ஆனால் உறுதியாக யார் சொல்வது? இன்றும் அந்தப் பள்ளியின் செய்தி வந்தால் முதலில் சோபாவைத்தான் பார்க்கிறேன்.

"ஒரு கார் திரும்பி வருகிறது" என்றார் ஆசிரியை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ ஓடிவரும் காலடிகள்.

"அம்மா! பாஸ்போர்ட்டை மறந்திட்டன். டாக்சி வரேல்லை, பெரியப்பாவைக் கூப்பிட்டனான், பிறகு என்ரை போன் செத்திட்டுது. ஏன் அழுறீங்கள்?"

 கணவர் கைபேசியை வாங்கினார். "அண்ணையிட்டைக் குடு."

கனத்த குரல் வந்தது. "என்னடா தம்பி, கார் ஓடேக்கை நான் போன் எடுக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியாதே? டீச்சரும் இப்ப கேட்டவ; ஓம், அப்பா எண்டுதான் கையெழுத்து வைச்சனான். அதிலை என்ன பிழை?"